குறுங்கட்டுரை, முக்கியத்துவம் குறைவு

பெகோர் டுவேப்பின் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில், இன்னொன்று அவர் காலடியில். தன்னுடையதை அவர் மிதித்து நான் பார்த்தது அபூர்வம். என் ஓட்டுதலில் அவருக்கு அத்தனை நம்பிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அவர் சாலையைப் பார்ப்பதே இல்லை. மடியில் கணினியைத் திறந்து வைத்து, யூத வரலாற்றுக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பார்.

"இடது பக்கம் திரும்பு. வலென்சியா ஊர் ரப்பிகள், தொடக்கநிலை, முக்கியத்துவம் நடுத்தரம். இண்டிகேட்டர் போடு பொண்ணே, பின்னாடி வர்றவன் என்ன ஜோசியக்காரனா?"

இஸ்ரேலின் நெதன்யாவில் எங்கள் தெருக்காரர்கள் பாதிப் பேர் அவரிடம் கார் கற்றவர்கள். நான் மட்டும் வருடக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, எல்லா நாட்டிலும் பிறர் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தே பழகி, உரிமம் இல்லாமல் இருபத்தேழு வயதில் திரும்பி வந்தேன். என் அம்மாதான் அவரிடம் பிடித்துக் கொடுத்தாள். "அந்த ஆளு பேசிக்கிட்டே இருப்பான். கண்டுக்காம ஓட்டு" என்று சொல்லி அனுப்பினாள்.

பேசிக்கொண்டேதான் இருந்தார். அவருடைய பெற்றோர் லிபியாவின் திரிப்போலியிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அகதி முகாமின் கூடாரத்தில் பிறந்த முதல் ஆண் பிள்ளை அவர். படிப்பு பள்ளியோடு சரி. ராணுவத்தில் லாரி ஓட்டினார், வெளியே வந்ததும் கார் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அந்தத் தொழிலில் அவருக்குத் தீராத மனக்குறை ஒன்று இருந்தது.

"தயார் பண்றது நானு. கடைசியில சர்க்கார்லேர்ந்து ஒருத்தன் வந்து பக்கத்துல உட்கார்ந்து, ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் பார்த்துட்டு, பாஸ் ஃபெயில்னு எழுதிட்டுப் போயிடறான். இங்கேயாவது நான் எழுதறேனே!"

இங்கே என்றால் இணையக் கலைக்களஞ்சியத்தில். அதில் யார் வேண்டுமானாலும் கட்டுரை எழுதலாம். எழுதிக் குவிவதைத் தரம் பிரிக்க ஒவ்வொரு துறைக்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். யூத வரலாற்றுக்கு இருந்த பத்துப் பதினைந்து பேரில் இவர் ஒருவர். ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு மதிப்பெண். தரம் ஒன்று, முக்கியத்துவம் ஒன்று.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"எப்படி ஒண்ணாகும்? எருசலேம் கோவில் இடிஞ்சதைப் பத்தி ஒரு மடையன் நாலு வரி எழுதி வெச்சான்னு வை. தரத்துல அது குறுங்கட்டுரை. ஆனா முக்கியத்துவம் தலையாயது. சலோனிக்கா துறைமுகத்துல மூட்டை தூக்கின ஒருத்தரைப் பத்தி யாரோ உயிரைக் கொடுத்து எழுதியிருக்கான். படிச்சா அழுகை வரும். தரம் முதல் வகுப்பு. முக்கியத்துவம் குறைவு."

"அழுகை வந்தாலுமா?"

"அழுதுக்கிட்டே குறைவுன்னு போட்டேன். சிவப்பு விளக்கு, நிறுத்து."

அவர் பாடங்கள் அவருடைய வேலைகளின் வழியாகத்தான் போகும். ரொட்டிக் கடை வாசலில் வண்டியை ஒட்டி நிறுத்தக் கற்றேன். மருந்துக் கடைச் சந்தில் பின்னோக்கி எடுக்கக் கற்றேன். வாரத்தில் இரண்டு பாடம் ஊரின் கிரியத் நோர்தா பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடியின் முன்னால் முடியும். மூன்றாவது மாடியில் அவருடைய அக்கா மஸ்ஊதா இருந்தாள். எண்பதை நெருங்கியவள். போன கோடையில் வந்த பக்கவாதம் அவள் பேச்சைக் கொண்டுபோய்விட்டது. காது கேட்கும், புரியும் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் ஆமாம், இல்லை என்பது இடம் மாறிவிடுகிறதாம். டீ வேண்டுமா என்று கேட்டால் தலையை இடம்வலமாக ஆட்டுவாள். சரியென்று எடுத்துக்கொண்டு போனால் கண்ணாலேயே பின்தொடர்வாள். மகள் தோனி இதற்குப் பழகிவிட்டாள். நிலக்கடலை மிதக்கும் கெட்டித் தேநீரை எப்போதும் பக்கத்தில் வைத்துவிடுவாள். குடித்தால் வேண்டும், குடிக்காவிட்டால் வேண்டாம்.

அந்த வீட்டுப் படியில்தான் மெஸ்லூகா என்ற பெயரை முதலில் கேட்டேன். லிபிய மலைமேல் அவர்களுடைய பழைய ஊர். இப்போது அங்கே ஒரு சுவரும் நிற்கவில்லையாம். அழிவிலிருந்து தப்பியதைக் கொண்டாடும் பூரிம் பண்டிகை எல்லா யூதர்களுக்கும் பொதுவாக இருக்க, ஆபத்திலிருந்து தப்பிய சில ஊர்கள் தங்களுக்கென்று ஒரு சின்ன பூரிம் வைத்துக்கொண்டன. மெஸ்லூகாவுக்கும் ஒன்று இருந்தது. யூத நாட்காட்டியின் ஷெவாத் மாதத்துக் குளிர்கால மழையில் வரும்.

"துருக்கிக்காரன் காலம்" என்றார் பெகோர், படியேற மூச்சு வாங்கியபடி. "சீமையை ஆண்ட பாஷா கோபத்துல, யூதனுங்க எல்லாம் ஊரைக் காலி பண்ணணும்னு உத்தரவு எழுதி ஒரு குதிரைக்காரன்கிட்ட அனுப்பினான். அவன் வந்தப்போ ஆம்பளைங்க சந்தைக்குப் போயிருந்தாங்க. ரொட்டி சுட்டுக்கிட்டிருந்த கஸாலாங்கிற பொம்பளைகிட்ட கொடுத்துட்டுப் போயிட்டான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அடுப்பு அணையிற மாதிரி இருந்துச்சு. தாளை உள்ளே தள்ளிட்டா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். உத்தரவு யாருக்கும் தெரியல, யாரும் கிளம்பல. அடுத்த உத்தரவு வர்றதுக்குள்ள பாஷாவையே மாத்திட்டாங்க. அதனால அந்த நாள்ல வெறுந்தாள் ஒண்ணை அடுப்புல போட்டு ரொட்டி சுடுவோம். கதையை வாயாலதான் சொல்லணும். தாள்ல எழுதவே கூடாது. தாள்ல வந்தது கேடு, தாள் போனது நல்லதுங்கிற கணக்கு."

சொல்வது மஸ்ஊதாவின் உரிமை. அவர்களுடைய அம்மாவிடமிருந்து வந்தது. இரண்டு வரிக் கதையை அவள் ஒரு மாலை முழுக்கச் சொல்வாளாம். குதிரைக்காரன் என்ன கேட்டான், கஸாலா என்ன பதில் சொன்னாள், எந்த இடத்தில் எல்லோரும் தரையைத் தட்ட வேண்டும், எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் தட்டினார்கள், சிரித்தார்கள், ரொட்டி தின்றார்கள். பதிவு பண்ணலாம் என்று யாராவது கைபேசியை நீட்டினால் சொல்வதை நிறுத்திவிடுவாள். அடுத்த வருடமும் இருக்கத்தானே போகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

பேச்சு போனதும் முதலில் பதறியது அவர்களுடைய சித்தப்பா மகன் லிலோ. பக்கத்து மோஷாவில், அதாவது கூட்டுறவு விவசாயக் கிராமத்தில், ஸ்ட்ராபெரி போடுகிறவன், பெகோரின் வயதுதான். கதை அழிந்துவிடும், எழுதிவிட வேண்டும் என்றான். எழுதக் கூடாதே என்றார்கள். அவன் நேராக மோஷாவின் மதகுருவான ரப்பியிடம் போனான். ரப்பி தாடியைத் தடவிவிட்டு, திரையில் தெரிவது எழுத்தே அல்ல, வெறும் வெளிச்சம் என்றாராம். மை இல்லை, தோல் இல்லை, அணைத்தால் போய்விடுகிறது. கடவுள் பெயரைக்கூடத் திரையிலிருந்து அழிக்கலாம், பாவம் கிடையாது.

அப்படித்தான் 'மெஸ்லூகாவின் காகித பூரிம்' கலைக்களஞ்சியத்தில் ஏறியது. அன்று நாங்கள் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். லிலோவின் குரல் காரின் ஒலிபெருக்கியில் வெடித்தது.

"பெகோர்! பார்த்தியாடா? போட்டுட்டேன்!"

"பார்த்தேன்."

"மஸ்ஊதாகிட்ட காட்டினேன். திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. அழுதாடா."

"சரி."

"என்ன சரி? மார்க் எங்கே? ஊர்ல இருக்கிற கட்டுரைக்கெல்லாம் மார்க் போடறே, நம்மளுது மொட்டையா நிக்குது."

"நான் போடக் கூடாதுடா. சொந்த ஊரு."

"வேற எவன் போடுவான்? போலந்துக்காரனா? மெஸ்லூகான்னா ஏதோ சோப்புன்னு நினைச்சுக்குவான்."

"லிலோ..."

"தலையாயதுன்னா கேட்டேன்? நடுத்தரம் போடு போதும். உன் அக்கா பேரைச் சொல்லிக் கேட்கறேன். அந்த ஊரு இருந்துச்சுன்னு இந்த உலகத்துல சொல்றது இந்த ஒரு பக்கம்தான். ஃபேஸ்புக்ல போட்டா அடுத்த நாள் எவனோட பூனைக்குக் கீழேயோ போயிடும். இது நிக்கும்."

பெகோர் என்னை ஓரமாக நிறுத்தச் சொன்னார். அவர் கட்டுரையைப் படிக்க, நான் அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிய கட்டுரைதான். கீழே ஆதாரங்கள் என்ற தலைப்பின் அடியில் ஒன்றும் இல்லை. அவர் தரத்துக்குக் குறுங்கட்டுரை என்று போட்டார். முக்கியத்துவத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. குறைவு என்று போட்டார்.

"உங்க ஊரு, பெகோர்" என்றேன்.

"அதனாலதான். இதுக்கு நடுத்தரம்னா நான் இதுவரைக்கும் குறைவுன்னு போட்டதெல்லாம் அயோக்கியத்தனம். கிளம்பு. கண்ணாடி பார்த்துட்டுக் கிளம்பு."

லிலோ அதன் பிறகு சில நாட்கள் அவருடைய அழைப்பை எடுக்கவில்லை.

மதிப்பெண் போட்டால் கட்டுரை பட்டியலில் ஏறிவிடும் என்பது பெகோருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பட்டியலை மற்றவர்கள் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. குறுங்கட்டுரை, குறைவு, ஆதாரம் இல்லை என்ற மூன்றும் சேர்ந்தவற்றைத் தேடித் தேடித் துப்புரவு செய்கிறவர்கள் இருந்தார்கள். கடல்நாரை என்ற புனைபெயர்க்காரர் ஒருவர் கட்டுரையின் தலையில் சிவப்புப் பட்டை ஒட்டினார். அச்சில் வந்த நம்பகமான ஆதாரம் இல்லாததால் நீக்கப் பரிந்துரை. கருத்துச் சொல்ல ஒரு வாரம்.

அன்று பெகோர் காரை எடுக்கவே சொல்லவில்லை. வீட்டு வாசலில், எஞ்சின் அணைந்திருக்க, தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இரண்டு விரலால் தட்டுகிறவர். தானே அந்த ஊர்க் குடும்பம், அந்தப் பண்டிகையைப் பிறந்ததிலிருந்து கொண்டாடுகிறவன், சொல்கிற அக்காவுக்குப் பேச்சு இல்லை என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. படித்துவிட்டுச் சிரித்தார். சிரிக்கிற முகமாக இல்லை.

"என்ன சொல்றாரு?"

"நான் சொன்னதைச் சொல்றான்."

கணினியை என் பக்கம் திருப்பினார். சில வருடங்களுக்கு முன் குர்திஸ்தான் பக்கத்துக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் தங்கள் கிராமத்து வழக்கம் பற்றிக் கட்டுரை எழுதி, அதை நீக்க வேண்டாம் என்று கெஞ்சியிருந்தாராம். அவருக்கு பெகோர் எழுதிய பதிலை, பெகோரின் பெயரோடு, கடல்நாரை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். 'குடும்பத்தின் நினைவு மரியாதைக்குரியது. ஆனால் அது ஆதாரம் ஆகாது. உங்களுக்கு உறவில்லாதவர் அச்சிட்டதைக் காட்டுங்கள்.' அதற்குக் கீழே, இந்தக் கொள்கையை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை என்று பாராட்டு வேறு.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன், இல்ல?" என்றார் பெகோர்.

"அந்த அம்மா அப்புறம் என்ன எழுதினாங்க?"

"ஒண்ணும் எழுதல. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வரல."

அந்த வாரம் என் பாடங்கள் நூலகங்களுக்குப் போயின. டெல் அவீவ் வரை ஓட்டினேன், நெடுஞ்சாலையில் முதல் தடவை. அவர் உள்ளே போவார், நான் வண்டியில் இருப்பேன். லிபியாவை ஆண்ட இத்தாலிக்காரன் எழுதிய வரி விவரத்தில் மெஸ்லூகா என்ற பெயர் இருந்தது. எத்தனை யூதர், எத்தனை ஒலிவ மரம், எத்தனை கழுதை என்று இருந்தது. பூரிம் இல்லை. ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து, சீட் பெல்ட்டைக் கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பார்.

"எப்படி இருக்கும்? எழுதக் கூடாதுன்னு எங்க ஆளுங்க பரம்பரை பரம்பரையா காவல் காத்திருக்காங்க. நல்லாவே காத்துட்டாங்க."

"கடல்நாரைகிட்ட இதையே சொல்லலாமே. எழுதக் கூடாதுங்கிறதுதான் வழக்கம்னு."

"சொன்னேன். சுவாரசியமா இருக்கு, அதுக்கு ஆதாரம் என்னன்னு கேட்டான்."

கோபம் வரவில்லை அவருக்கு. கடல்நாரை நல்ல ஆள், வேலை சுத்தம் என்றுதான் சொன்னார். அவரிடத்தில் தான் இருந்தாலும் அதே பட்டையைத்தான் ஒட்டியிருப்பேன் என்றார். எனக்கு அதைக் கேட்கத்தான் கஷ்டமாக இருந்தது. சண்டை போட ஓர் ஆள்கூட இல்லாமல் அவர் தோற்றுக்கொண்டிருந்தார்.

வாரம் முடிவதற்குள் தோனி அழைத்தாள். லிலோ ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து உட்கார்ந்திருக்கிறான், உடனே வாருங்கள் என்றாள். நாங்கள் மூன்று மாடி ஏறியபோது லிலோ மஸ்ஊதாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தான். பெட்டி நிறையச் சின்னப் புத்தகங்கள். அட்டையில் மண் அடுப்பின் படம்.

"ஆதாரம் கேட்டாங்கல்ல? இந்தா ஆதாரம். நல்ல தாள்டா, தடவிப் பாரு."

பெகோர் தடவிப் பார்க்கவில்லை. "என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"தாள்ல எழுதக் கூடாதுதான். தெரியும். ஆனா நீ சொல்ற அந்த நாரை தாள்தான் வேணும்ங்கறான். வெளிச்சம் போதாதாம் அவனுக்கு. நான் என் தலையில பாவத்தைப் போட்டுக்கிட்டேன், போ."

"நீயே அடிச்சது ஆதாரம் இல்லடா, கழுதை."

"அப்போ யாரு அடிக்கணும்?"

"நமக்குச் சொந்தமில்லாத எவனாவது."

"நமக்குச் சொந்தமில்லாதவனுக்கு இது எப்படிடா தெரியும்?"

லிலோ என்னைப் பார்த்தான், தோனியைப் பார்த்தான். அவன் உட்கார்ந்துவிட்டான். மண் ஒட்டிய செருப்போடு வந்தவன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மஸ்ஊதா இடது கையால் ஒரு புத்தகத்தை எடுத்திருந்தாள். விரித்தாள். முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள். பிறகு தம்பியிடம் நீட்டினாள். பெகோர் வாங்கிக்கொண்டார். உடனே திரும்பக் கையை நீட்டினாள். கொடுத்தார். மறுபடி அவரிடமே நீட்டினாள்.

"படிச்சுக் காட்டச் சொல்றாளா, தூக்கி எறியச் சொல்றாளா?" என்று பெகோர் தோனியைக் கேட்டார்.

"எனக்கு எப்படி மாமா தெரியும்?"

நான்கு பேரும் அவள் முகத்தையே பார்த்தோம். அவள் எங்கள் முகங்களைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் ஏதோ ஒரு வாக்கியம் முழுதாக இருந்தது, அது மட்டும் நிச்சயம்.

போகும்போது தோனி, பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள், அந்த நாளில் அடுப்பில் போட்டுவிடலாம் என்றாள். அதற்கும் வழியில்லை. லிலோ முதல் பக்கத்தில் ஆசீர்வாதம் ஒன்றைக் கடவுள் பெயரோடு அச்சடித்திருந்தான். கடவுள் பெயர் உள்ள தாளை எரிக்கக் கூடாது. கல்லறைத் தோட்டத்தில் புதைக்கத்தான் வேண்டும். புதைப்பதற்கு லிலோவுக்கு மனம் வரவில்லை. பெட்டி மஸ்ஊதாவின் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

வாரம் முடிந்தது. ஆதரித்து ஒருவரும் எழுதவில்லை. பெகோர் தன் உறவைச் சொல்லிவிட்டதால் அவருடைய கருத்து கணக்கில் சேரவில்லை. நான் புதிதாகக் கணக்குத் தொடங்கி ஆதரிக்கிறேன் என்று ஒரு வரி எழுதினேன். புதிய கணக்கு என்று அதையும் ஒதுக்கிவிட்டார்கள். அடுத்த பாடத்துக்கு நான் போனபோது, மெஸ்லூகாவின் காகித பூரிம் இருந்த இடத்தில் வெற்றுப் பக்கம் இருந்தது. ஆனால் அதன் மதிப்பெண் மட்டும் யூத வரலாற்றுப் பட்டியலில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. குறுங்கட்டுரை, குறைவு. அப்படித் தொங்குவதைச் சுத்தம் செய்வது பெகோரின் வேலை.

"விட்டுடுங்களேன்" என்றேன். "யாரு பார்க்கப் போறாங்க?"

"இல்லாத கட்டுரைக்கு மார்க் இருந்தா கணக்கு தப்பாயிடும், கப்பாரா." செல்லமாகக் கூப்பிடும்போது சொல்கிற சொல் அது. அன்றைக்குத்தான் என்னை முதலில் அப்படிக் கூப்பிட்டார். "இங்கேயே நிறுத்து."

நிறுத்தினேன். ஒரு பொத்தானை அழுத்தினார். "போலாம்" என்றார்.

காகித பூரிம் அன்று மழை விடாமல் பெய்தது. என்னையும் வரச் சொல்லியிருந்தார், பாடமாகவே. மதியத்துக்குப் பிறகு மஸ்ஊதாவின் வீட்டில் பேரன் பேத்திகளும் கொள்ளுப்பேரன்களுமாக நடமாட இடமில்லை. எரிவாயு அடுப்பின் மேல் தகரத்தை வைத்துத் தோனி ரொட்டி போட்டாள். வெறுந்தாளை லிலோ கொளுத்தினான். எல்லோரும் உட்கார்ந்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"சொல்லுடா" என்றான் லிலோ.

"நீ சொல்லு. நீதான் எழுதினே."

"எனக்கு எழுதின வரைக்கும்தான் தெரியும்."

பெகோர் அக்காவின் நாற்காலிக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகளைப் பார்க்காமல் அவளைப் பார்த்துத்தான் சொன்னார். பாஷாவின் கோபம், உத்தரவு, மலைப்பாதையில் குதிரை. சந்தைக்குப் போன ஆண்களைச் சொன்னபோது அவருக்கே ஞாபகம் வந்து தரையைத் தட்டினார். பிள்ளைகள் தட்டினார்கள். மஸ்ஊதாவின் இடது கையும் நாற்காலியைத் தட்டியது. லிலோ முகம் மலர்ந்தான்.

"கஸாலா ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தா. குதிரைக்காரன் தாளை நீட்டினான். அவளுக்குப் படிக்கத் தெரியாது..."

மஸ்ஊதா தலையை இடம்வலமாக ஆட்டினாள்.

பெகோர் நிறுத்தினார். "தெரியாதுதானே, அக்கா?"

மறுபடி ஆட்டினாள். பலமாக.

"டேய்" என்றான் லிலோ மெதுவாக. "அவளுக்குப் படிக்கத் தெரியும்டா. தெரிஞ்சேதான் எரிச்சிருக்கா. நாம இத்தனை வருஷமா சரியா கேட்கவே இல்ல."

பெகோர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கஸாலாவுக்குப் படிக்கத் தெரியும். ஊர்ல வேற எந்தப் பொம்பளைக்கும் தெரியாது, இவளுக்குத் தெரியும். தாளை வாங்கிப் படிச்சா..."

மஸ்ஊதா தலையை ஆட்டினாள். அதே மாதிரி, இடம்வலமாக.

"டீ வேணுமான்னு கேட்டாலும் அம்மா இப்படித்தான் ஆட்டுவா" என்றாள் தோனி அடுப்பருகிலிருந்து. "அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது மாமா."

ஒரு சிறுமி, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

பெகோர் அக்காவின் அசையாத வலது கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"எது தப்பு? தெரியும்ங்கிறதா, தெரியாதுங்கிறதா? தெரியும்னா கையைத் தட்டு அக்கா. ஒரே ஒரு தட்டு."

அவள் வாய் திறந்தது. ஒரு நீண்ட ஓசை வந்தது, ஒரே உயிரெழுத்து, நடுவில் இரண்டு மூன்று இடத்தில் ஏறி இறங்கியது, வாக்கியம் ஏறி இறங்குவது போலவே. பெகோர் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் தலையசைத்தபடி, புரிகிறவர் போல, அது முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.